மாநக்கவாரத்துச் சிறுநடுக்கம்

நாளிதழில் வரும் சில செய்திகள் இடத்தை நிரப்புவதற்காகவே அச்சிடப்படுகின்றன என்று நாம் எண்ணுவதுண்டு. உட்பக்கத்தின் அடிமூலையில், 'நிக்கோபார் தீவுகளில் லேசான நில அதிர்வு' எனத் தொடங்கி, 'உயிர்ச்சேதமோ பொருட்சேதமோ ஏற்பட்டதாகத் தகவல் இல்லை' என முடியும் ஆறுவரிச் செய்தி அவ்வகையைச் சார்ந்தது. சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில் அத்தகைய செய்தி ஒன்றை யாமும் படித்தோம். நடுக்கத்தின் அளவு நான்கைச் சற்றே கடந்திருந்தது. ஆழம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலேயே அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டோம். அன்று மாலைக்குள் அதே தாளைத் தேடியெடுத்து, அந்த ஆறு வரிகளை மும்முறை படிக்க நேர்ந்தது. அதற்கான காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் ஊர் திருச்செங்கோடு. தேவாரக் காலத்தில் கொடிமாடச் செங்குன்றூர் என வழங்கிய பழம்பதி. செந்நிறப் பாறை மலையும் அதன் உச்சியில் விளங்கும் அர்த்தநாரீசுவரர் திருக்கோயிலும் ஊருக்குத் தொன்மையான அடையாளங்கள். பிற்காலத்தில் வேறோர் அடையாளமும் சேர்ந்துகொண்டது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளே அவை. இந்தியாவின் எந்த மாநிலத்துச் சாலையில் சென்றாலும் எம் ஊரின் பெயர் எழுதிய ரிக் வண்டி ஒன்றைக் காணலாம் என்று ஊரார் பெருமையோடு கூறுவர். எம் அத்தா அத்தகைய வண்டியில் டிரில்லராகப் பணிபுரிந்தவர். ஆந்திரம், மத்தியப் பிரதேசம், இராசத்தான் என்று மாதக்கணக்கில் வெளியூரிலேயே தங்கிவிடுவார். மாதம் ஒருமுறை வரும் கடுதாசிக்காக எம் தாயார் வாசலைப் பார்த்தபடி இருந்த காட்சி எமது இளமை நினைவுகளுள் முதன்மையானது.

அத்தா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர். இருபது அடி நீளமுள்ள ராடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்போது மேலே வந்து விழும் துகளின் நிறத்தைக் கையில் ஏந்திப் பார்ப்பார். காலடியில் எழும் அதிர்வைக் கூர்ந்து கவனிப்பார். மேல்மண் எங்கே முடிந்தது, கடும்பாறை எங்கே தொடங்கிற்று, நீர் ஊறும் வெடிப்பு எங்கே குறுக்கிட்டது என்பதையெல்லாம் அவ்வளவில் சொல்லிவிடுவார். நள்ளிரவில் ரிக் ஓடும் தெருவில் சமையலறைப் பாத்திரங்கள் கலகலக்கும். அண்டை வீட்டார் எழுந்து வந்து சத்தமிடுவர். அவர் மட்டும் வண்டிக்கருகிலேயே கயிற்றுக் கட்டிலில் நிம்மதியாக உறங்குவார். நிலம் அதிர்வது கண்டு அஞ்சாத மனிதர் அவர். 2004-ஆம் ஆண்டு இறுதிவரை அப்படித்தான் இருந்தார்.

எம் தமக்கையாரை அந்தமானில் மணம் முடித்துக் கொடுத்திருந்தோம். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அவ்வூர் அன்று போர்ட் பிளேர். அங்கே அபர்தீன் பசாரில் மச்சானுக்கு ஒரு மளிகைக் கடை. சென்னையிலிருந்து கப்பலேறினால் மூன்று நாள் பயணம். "கடல் தாண்டிப் பெண்ணைக் கொடுத்துவிட்டீர்களே" என்று உறவினர் கேட்டபோது, "அங்கேயும் நம் தமிழாட்கள் நிறைய இருக்கிறார்கள்" என்று அத்தா விடை சொல்லிவிட்டார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சுமத்திராவின் மேற்குக் கடலடியில் நிலம் பிளந்தது. அளவு 9.1. ஆழமோ ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் மட்டுமே. அப்பிளவு ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. நிக்கோபார், அந்தமான் எனத் தீவுத்தொடரின் அடியிலேயே வடக்கு நோக்கி 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழித்துக்கொண்டு சென்றது. அதனால் எழுந்த பேரலை இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் தமிழகக் கரையை அடைந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரம் உயிர்கள் போயின. நாகூர் தர்காவின் நிலத்தில் எந்தச் சமயத்தவர் என்று பாராமல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டதையும், பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்கு உணவும் இருப்பிடமும் தந்து காத்ததையும் நம் சமுதாயப் பெரியோர் நன்கறிவர்.

கடலைக் காணாத எம் ஊரில் அன்று தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அத்தா அமர்ந்திருந்தார். போர்ட் பிளேருக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. அவர் உண்ணவில்லை; யாரிடமும் பேசவுமில்லை. ஐவேளைத் தொழுகைக்கு மட்டும் எழுந்து சென்று, மீண்டும் அதே இடத்தில் வந்தமர்ந்தார். மூன்றாம் நாள் மாலையில் மணி ஒலித்தது. "அத்தா, நாங்க எல்லாரும் இருக்கோம்" என்ற ஒரே தொடர். அவ்வளவில் இணைப்பு அறுந்துவிட்டது. தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே அவர் அழுததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

அக்காலத்தில் யாம் ஆய்வியல் நிறைஞர்ப் பட்டத்திற்காக மணிமேகலையின் கிளைக்கதைகளை ஆராய்ந்துகொண்டிருந்தோம் என்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். ஆதிரையின் கணவன் சாதுவன் கடல்வாணிகம் சென்று, மரக்கலம் கவிழ்ந்து, நக்கசாரணர் வாழும் நாகர் நாட்டில் கரையேறிய வரலாறு அக்காப்பியத்தில் உள்ளது. தப்பி வந்தோர் சிலர் அவன் இறந்தான் என்று கூற, ஆதிரை தீப்புகத் துணிகிறாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடிருக்கும் செய்தி அதன்பின்னரே அவளுக்குக் கிடைக்கிறது. அந்நாகர் நாடு இன்றைய நிக்கோபாராக இருக்கலாம் என அறிஞர் சிலர் கருதுவர். முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் என்னும் பெயர் அத்தீவுகளையே குறிக்கும் என்பதும் ஆய்வாளர் கொள்கை. இச்சான்றுகளையெல்லாம் எமது ஆய்வேட்டில் அடிக்குறிப்புகளோடு எழுதியிருந்தோம். ஆயினும் தீவிலிருந்து செய்தி வாராத வீட்டின் நிலை எத்தகையது என்பதை ஏட்டில் அறியவில்லை. அத்தாவின் முகத்தில்தான் அறிந்தோம்.

அதன்பிறகு அத்தாவிடம் ஒரு பழக்கம் தோன்றிற்று. காலையில் நாளிதழ் வந்ததும் அந்தமான், நிக்கோபார் என்னும் சொற்களையே முதலில் தேடுவார். 2005 சனவரி இறுதியில் நிக்கோபாருக்கருகே சில நாட்களுக்குள் அளவு ஐந்தையும் அதற்கு மேலும் எட்டிய நடுக்கங்கள் நூற்றுக்கு மேல் பதிவாயின. அப்போது நாள்தோறும் போர்ட் பிளேருக்குத் தொலைபேசி செய்தார். பின்னர் அவை அடங்கின. 2009 ஆகஸ்டிலும் 2010 சூனிலும் அந்தமான், நிக்கோபார்ப் பகுதிகளில் 7.5 அளவில் பெரிய நடுக்கங்கள் நேர்ந்தன. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நேர்ந்த நடுக்கத்தைச் சென்னை மக்களும் உணர்ந்து வீதிக்கு வந்தனர். அந்நாட்களில் அவர் தொலைபேசியில் விசாரித்தது இயல்பே. ஆனால் நான்கு, நான்கரை என்று வரும் சிறுநடுக்கங்களுக்கும் அவர் அவ்வாறே செய்தார்.

ஒருநாள் யாம் நகைத்தோம். "அத்தா, இதெல்லாம் ஒரு நடுக்கமா? உங்கள் ரிக் வண்டி இதைவிட அதிரும். இதற்குப் போய்ப் பயப்படலாமா?" என்றோம்.

அவர் சினம் கொள்ளவில்லை. "பயந்து போன் பண்ணலை தம்பி. அங்க ஆடுச்சுன்னு தெரிஞ்சதும் இங்கிருந்து ஒருத்தர் கேட்டாங்கன்னு அவளுக்குத் தெரியணுமில்ல?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆமா, நூறு கிலோமீட்டர் ஆழம்னு போட்டிருக்கானே, நம்ம ஆயிரம் அடி போரு எத்தனை அதுல அடங்கும்? அவ்வளவு ஆழம்னா நல்லதா கெட்டதா?" என்று வினவினார்.

எமக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அது புவியியல் பாடம் அத்தா, எம் பாடம் தமிழ்" என்று கூறி எழுந்து சென்றுவிட்டோம். அவர் அவ்வினாவை மறுமுறை எம்மிடம் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் மௌத்தானார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக.

இனி, தொடக்கத்தில் கூறிய நாளுக்கு வருவோம். அன்று மாலை கல்லூரியிலிருந்து திரும்பியபோது தமக்கையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. நலம் விசாரித்தபின், "இன்னைக்கு இங்க லேசா ஆடுச்சாம் தம்பி. எங்களுக்குத் தெரியவே இல்லை. செய்தியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அத்தா இருந்திருந்தா காலையிலேயே போன் வந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார். குறைகூறும் தொனி அவர் குரலில் இல்லை. அதனாலேயே எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. அவர்கள் இருந்த நிலத்தில் அன்று எதுவும் அசையவில்லை. அசைந்தது எம் உள்ளம். நாளிதழைத் தேடியெடுத்து அந்த ஆறு வரிகளைப் படித்தோம். அத்தா கேட்ட வினாவுக்கு விடை தேடுவதென அன்றே முடிவு செய்தோம். கல்லூரி நூலகத்தில் நிலவியல் நூல்களைப் புரட்டினோம். இயற்பியல் துறை நண்பரிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தோம். அறிந்தவற்றை மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி இங்கே சுருங்கச் சொல்கின்றோம்.

ஆயிரம் அடி என்பது ஏறத்தாழ 305 மீட்டர். ஆகவே நூறு கிலோமீட்டர் ஆழத்தில் எம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் 328 ஒன்றன்கீழ் ஒன்றாக அடங்கும். மனிதன் இதுவரை தோண்டிய ஆழமான துளை உருசிய நாட்டின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. சோவியத்து அறிவியலார் பல்லாண்டுகள் முயன்று 1989-இல் எட்டிய ஆழம் 12,262 மீட்டர். அதற்குக் கீழே மனிதனின் ராடு சென்றதில்லை. நூறு கிலோமீட்டருக்கு அடியில் நிகழ்வதை நாம் அறிவது அங்கிருந்து எழும் அதிர்வலைகளால் மட்டுமே. 1897 சூன் 12-இல் அசாமில் நேர்ந்த பெருநடுக்கத்தின் அலைப்பதிவுகளை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஓல்டாம் என்பார், அவ்வலைகள் பல வகைப்பட்டு வெவ்வேறு வேகத்தில் வருவதைப் பிரித்தறிந்தார். அவ்வழியே சென்று 1906-இல் பூமியின் நடுவே ஒரு கரு இருப்பதையும் நிறுவினார். துகளையும் அதிர்வையும் கொண்டு பாறையை அறிந்த எம் அத்தாவின் தொழிலும் இதுவும் ஒரே வழிப்பட்டவை என்று கண்டபோது, அத்தா இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பாரே என எண்ணினோம்.

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிளவுபட்டுள்ளது. இந்தியாவைத் தாங்கும் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்னும் அளவில் நகர்ந்து, அந்தமான்-நிக்கோபார்த் தீவுத்தொடரின் மேற்கே உள்ள ஆழ்கடல் அகழியில் கீழே புகுகின்றது. அவ்வாறு கிழக்கு நோக்கிச் சாய்வாக இறங்கும் பாறைத் தட்டினுள்ளேயே நூறு கிலோமீட்டரையும் கடந்த ஆழங்களில் நடுக்கங்கள் நேர்கின்றன. அவ்வளவு வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை உடையாமல் வளைந்தல்லவா கொடுக்க வேண்டும்? அவ்வாறிருக்க, அது எவ்வாறு முறிகின்றது? கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெப்பத்தால் வெளிப்பட்டுப் பாறையை நலிவுறச் செய்கிறது என்பது அறிஞர் தரும் விளக்கங்களுள் ஒன்று. எழுபது கிலோமீட்டருக்குள் நேர்வதை ஆழம் குறைந்தது என்றும், முந்நூறு வரை இடைநிலை என்றும், அதற்குக் கீழ் எழுநூறு வரை நேர்வதை ஆழ்நடுக்கம் என்றும் அவர்கள் வகுப்பர். இத்தகைய ஆழத்து நடுக்கங்கள் உண்டு என்பதை 1920-களில் ஐயமற நிறுவியவர் சப்பானிய அறிஞர் வடாட்டி.

இனி, ஆழம் நல்லதா கெட்டதா என்பது அத்தாவின் இரண்டாம் வினா. நல்லது என்பதே விடை. அடியாழத்தில் பிறக்கும் அதிர்வு மேற்பரப்பை அடைவதற்குள் நெடுந்தொலைவு பரவி நலிவுற்றுவிடும். கடலடித் தரையையும் அது தூக்கிவிடாது. ஆதலால் பேரலையும் எழாது. 2013 மே 24-இல் உருசியாவின் கிழக்கே ஓகோட்ஸ்க் கடலடியில் 8.3 அளவில் நடுக்கம் ஒன்று நேர்ந்தது. ஆழம் அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாசுகோவிலும் அது உணரப்பட்டது. எனினும் பெருஞ்சேதம் இல்லை. அளவைப் பொறுத்தவரை, ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு பெருகும். இக்கணக்கின்படி 2004-இன் நடுக்கம் அன்று யாம் படித்த நடுக்கத்தைப் போல மூன்று கோடி மடங்கு வலியது. சிறியது, அதிலும் ஆழத்தது. அஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

அஞ்ச வேண்டாம் என்பதற்காகப் பொருட்படுத்தவும் வேண்டாம் என்றாகிவிடாது. 1881 டிசம்பர் 31-இல் நிக்கோபாருக்கருகே பெருநடுக்கம் நேர்ந்து, வங்கக் கடலைச் சுற்றிலும் இருந்த அலைமானிகளில் பேரலை பதிவாயிற்று. 1941 சூன் 26-இல் அந்தமானில் மற்றொன்று. இச்செய்திகள் நூல்களில் இருந்தன; நம் நினைவில் இல்லை. 2004-இல் கடல் பின்வாங்கியபோது அதன் பொருளை அறியாமல் வேடிக்கை பார்க்கச் சென்றோர் பலர். அப்பேரழிவிற்குப் பின்னரே, 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. கடலடியில் ஒரு நடுக்கம் நேர்ந்ததும் அதன் அளவும் ஆழமும் சில நிமிடங்களில் கணிக்கப்படுகின்றன. 'ஆழிப்பேரலை ஆபத்து இல்லை' என்னும் சிறுவரிக்குப் பின்னே பலர் கண்விழித்திருக்கின்றனர். எம் ஊரும் முற்றிலும் விலக்கன்று. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆறு அளவிலான நடுக்கம் நேர்ந்து தென்னாடு முழுவதும் உணரப்பட்டது. மலையடிவாரத்தில் இருக்கிறோம், பாறைமேல் இருக்கிறோம் என்ற இறுமாப்பு நமக்கும் ஆகாது.

தொலைவு என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். 'தொலைதூரத் தீவுகள்' என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். அங்கே இருப்போர்க்கு அதுவே வீடு. நாம்தாம் தொலைவில் இருக்கிறோம். 2004-இல் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடல்நீரில் நின்றது. போர்ட் பிளேர்ப் பகுதியும் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் என்னும் இடத்தில் நெல் விளைந்த வயல்களில் உப்புநீர் புகுந்து நிலைத்தது. அதைக் கண்டவர்களுக்குச் சிறுநடுக்கமும் பழையதை நினைவூட்டவே செய்யும். 'சேதம் இல்லை' என்று நாளிதழ் எழுதுவது கட்டடங்களைப் பற்றிய செய்தி. அதைப் படித்ததும் தந்தையின் குரலுக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணியை அச்செய்தியில் காண இயலாது.

நில அதிர்வைத் தலைப்பாகக் கொண்ட அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. எட்டே வசனங்கள் உடைய சூரத்துல் ஸில்ஸால். இறுதிநாளின் பெருநடுக்கத்தைக் கூறித் தொடங்கும் அது, அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கணக்கில் தப்பாது என்பதில் வந்து முடிகின்றது. இளமையில் மதரசாவில் ஓதியபோது அதன் தொடக்கமே எமக்கு அச்சமூட்டிற்று. இப்போது அதன் முடிவே எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. எந்த நடுக்கம் யாருக்குத் தண்டனை என்று தீர்ப்புரைக்க நாம் யார்? பாறை ஏன் முறிகிறது என்பதை அறிவியல் சொல்லட்டும். முறிந்த செய்தி வந்தபின் யாம் என்ன செய்தோம் என்பதே எம்மிடம் கேட்கப்படும். ஒரு தொலைபேசி அழைப்பு அணுவளவு நன்மைதான். அதையும் யாம் செய்யத் தவறினோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பில் கடலோரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்போர் இருப்பர். வளைகுடாவிலோ மலேசியாவிலோ தந்தை பணிபுரியும் நண்பர் இருப்பார். அங்கிருந்து வரும் செய்தி ஆறு வரியேயாயினும், "உங்கள் வீட்டார் நலமா?" என்று கேளுங்கள். பெரியவர்கள் உங்களிடம் வினவும் வினா உங்கள் பாடத்திற்குப் புறம்பானது என்று எழுந்து போகாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தேடிச் சொல்லுங்கள். விடை கிடைக்கும் நாளில் கேட்டவர் இல்லாமற் போகலாம்.

இவ்வாண்டு இருமுறை அத்தகைய செய்திகள் கண்ணிற்பட்டன. இரண்டும் சிறியவை. இருமுறையும் காலைத் தேநீருக்கு முன்பே தமக்கையாரை அழைத்தோம். முதன்முறை அழைத்தபோது, "என்ன தம்பி, இந்நேரத்துல?" என்று வியந்தார். காரணத்தைச் சொன்னோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "தெரியவே இல்லை தம்பி, ரொம்ப ஆழமாம்" என்றார். "ஆமாம் அக்கா, ஆழமென்றால் நல்லதுதான்" என்றோம்.